விரிப்பில் கறை பட்டால்: விற்பவர் தெரிந்திருக்க வேண்டியவை



பாய், ஜமக்காளம், கார்ப்பெட், மிதியடி விற்கும் கடைகளுக்குத் திரும்பி வரும் புகார்களில் பெரும்பாலானவை கறையைப் பற்றியவை. “அண்ணாச்சி, தீபாவளிக்கு வாங்கின ஜமக்காளம் இப்படி ஆயிட்டு, பாருங்க” என்று கல்லாவுக்கு முன்னால் விரித்துப் போடுவார்கள். காபி சிந்திய இடம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சாயம் வெளுத்துப் போயிருக்கும். காபி செய்த கேடு கொஞ்சம். அதைப் போக்குவதற்காக ஊற்றிய பிளீச்சிங் தண்ணீர் செய்த கேடுதான் மிச்சம் எல்லாம்.

வாங்கியவர் சரக்கைக் குறை சொல்வார். கடைக்காரர் அவர் துவைத்த விதத்தைக் குறை சொல்வார். வழக்கில் யார் ஜெயித்தாலும் அந்த வீட்டு வியாபாரம் அன்றோடு வேறு கடைக்குப் போய்விடும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. “கோரைப்பாயும் கைத்தறி ஜமக்காளமும் கறை தாங்காது, பிளாஸ்டிக் பாய் வாங்கினால் தொல்லை இல்லை” என்ற பேச்சு ஊரில் பரவுகிறது. பத்தமடையில் பாய் நெய்கிறவருக்கும் பவானியில் தறி ஓட்டுகிறவருக்கும் அந்தப் பேச்சு பிழைப்பைக் கெடுக்கும். இரண்டு ஊர்ச் சரக்கும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றின் பெயரைக் காப்பாற்றுவதில் நெய்பவருக்கு உள்ள பங்கு விற்பவருக்கும் உண்டு.

விரிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் கறைக்குச் செய்யும் தப்பான வைத்தியம். சரியான வைத்தியம் என்ன என்பதை விற்கும்போதே சொல்லி அனுப்புவது நம் வேலையில் ஒரு பகுதி. அதற்கு உதவும் செய்திகளைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

முதலில் சரக்கு இன்னதென்று தெரிய வேண்டும்

விரிப்பு எல்லாம் ஒன்றல்ல. எதனால் நெய்தது என்பதைப் பொறுத்தே வைத்தியம் மாறும்.

கோரைப்பாய்: பத்தமடைப் பாயில் பாவு நூல், ஊடை கோரை. கோரையின் மேல்தோல் வழுவழுப்பானது. ஆகவே சிந்தியது உடனே உள்ளே இறங்காது. ஆனால் கீறிய பக்கமும், இடையில் ஓடும் நூலும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாயை ஊற வைத்தால் கோரை உப்பும், பின்பு காயும்போது வளையும். சாயக் கோரையில் நிறமும் கசியலாம்.

பருத்தி ஜமக்காளம்: ஊடையில் பருமனான சாய நூல் ஓடுவதால் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். துவைக்கலாம். ஆனால் புதுச் சரக்கின் முதல் சலவையில் அதிகப்படிச் சாயம் வெளியே வரும். சில ரகங்களில் கரையும் பூவேலையும் செயற்கைப் பட்டு நூலால் போட்டிருக்கும். அந்த நூல் நனைந்திருக்கும்போது வலு குறைந்திருக்கும். அந்த இடத்தைப் பிழிவதும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் ஆகாது.

கம்பளி கார்ப்பெட்: உத்தரப்பிரதேசத்துப் பதோஹி, மிர்சாபூர் பக்கத்திலிருந்து வரும் சரக்கு. கம்பளி மயிர் ஆட்டின் முடி. நம் தலைமுடிக்கு எது ஆகாதோ அது கம்பளிக்கும் ஆகாது. சலவை சோடா, காரமான சோப்பு, கொதிநீர் மூன்றும் அதற்குப் பகை. பிளீச்சிங் திரவம் பட்டால் நிறம் போவது மட்டுமல்ல, மயிரே கரைந்துவிடும்.

பாலிபுரொப்பிலீன் கார்ப்பெட்: விலை குறைவானதால் இன்று வீடுகளில் அதிகம் போவது இதுதான். இழை தண்ணீரைக் குடிக்காது. காபி, டீ, சாறு எல்லாம் இதில் சுலபமாகப் போகும். எண்ணெய் மட்டும் ஒட்டிக்கொண்டு விடாது. சூடும் தாங்காது. சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இஸ்திரிப் பெட்டி வைத்தால் அந்த இடம் பளபளவென்று வழுக்கையாகிவிடும்.

தென்னை நார் மிதியடி: தேய்ப்பதற்கென்றே உள்ளது. வாசலில் கிடந்து நனைந்தால், புதிதில் அதன் பழுப்புச் சாறே தரையில் கறையாக இறங்கும். உதறிப் பிரஷ் போட்டால் போதும். ஊற வைக்கக் கூடாது.

வாங்கிய இடத்தில் பில் கிழிந்துபோய், இன்ன சரக்கு என்று தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. அடிப்பக்கத்து ஓரத்தில் ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீ வைத்துப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையும் பஞ்சு போன்ற சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது செயற்கைப் பட்டு. முடி கருகும் நாற்றம் வந்து, மிஞ்சிய கரி விரலில் பொடிந்தால் கம்பளி. மெழுகுவர்த்தி வாசனையோடு உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலிபுரொப்பிலீன். கடைப் பையன்களுக்கு இதை ஒரு நாள் செய்து காட்டிவிடுவது நல்லது.

முதல் ஐந்து நிமிடம்

எந்தக் கறையானாலும், எந்த விரிப்பானாலும், முதல் ஐந்து நிமிடத்தில் செய்வதே முக்கால் வேலை. அதற்கு ஒரு பைசா மருந்து தேவையில்லை.

கெட்டியாக விழுந்ததை ஒரு கரண்டியாலோ அட்டையாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுக்க வேண்டும். திரவமாகச் சிந்தியதை வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியை மடித்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தலாம். பெரிய விரிப்பாக இருந்தால் காலால் மிதித்தும் அழுத்தலாம். துணி ஈரமானதும் வேறு பக்கம் மாற்ற வேண்டும். துணியில் ஈரம் ஏறாத வரைக்கும் ஒற்ற வேண்டும். சாயத் துணியால் ஒற்றினால் அதன் சாயம் விரிப்பில் இறங்கி, ஒரு கறை இரண்டாகும்.

தேய்க்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். தேய்த்தால் மூன்று கேடு. மேலே நிற்கும் திரவம் இழைக்குள்ளே இறங்கும். கறையின் வட்டம் பெரிதாகும். முறுக்கிய நூல் பிரிந்து மயிர் எழும்பும். கறை போன பிறகும் அந்த இடம் வேறு மாதிரித் தெரிவதற்கு இந்த எழும்பிய மயிரே காரணம்.

மண், சகதி, விபூதி, கோலப்பொடி இவை மட்டும் விதிவிலக்கு. பொடியில் தண்ணீர் பட்டால் சேறாகி உள்ளே போகும். சகதியைக் காயவிட வேண்டும். காய்ந்தபின் உதறி, தட்டி, பிரஷால் வாரி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

மருந்து போடுமுன் மூலையில் பார்க்க வேண்டும்

எந்த மருந்தையும் நடு விரிப்பில் முதலில் போடக் கூடாது. யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் இரண்டு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த மருந்து அந்தச் சரக்குக்கு ஆகாது. பல நிறப் பட்டை போட்ட ஜமக்காளத்தில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஊதா தாங்கினால் சிவப்பும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

வீட்டில் இருக்க வேண்டிய மருந்துகள் சிலவே. ஒரு கிளாஸ் தண்ணீரில் கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் அல்லது கம்பளித் துணிக்கான திரவ சோப்பு கலந்த தண்ணீர் ஒன்று. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்தது இரண்டாவது. எண்ணெயை உறிஞ்சக் கடலை மாவு, அரிசி மாவு, முகப்பவுடர் இவற்றில் ஏதாவது ஒன்று. மருந்துக் கடை ஸ்பிரிட் கொஞ்சம். நம் வீடுகளில் விழும் கறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இவையே போதும்.

நம் வீட்டுக் கறைகள்

காபி, டீ: இவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தே கறையாக நிற்பது. துவர்ப்புக்குச் சோப்புக் கட்டி ஆகாது. சோப்பின் காரம் பட்டால் கறை கருத்து நிலைத்துவிடும். ஒற்றியபின் பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். பின்பு வினிகர்த் தண்ணீர், கடைசியில் மறுபடி பச்சைத் தண்ணீர். பால் சேர்ந்த காபியானால் பால் கொழுப்புக்காக நடுவில் ஒரு தடவை பாத்திரத் திரவத் தண்ணீர் போடலாம்.

வெற்றிலைச் சாறு: பாக்கின் துவர்ப்பும் சுண்ணாம்பின் காரமும் சேர்ந்துதான் வாய் சிவக்கிறது. காரத்தால் வந்த சிவப்பு புளிப்பால் தணியும். உடனே வினிகர்த் தண்ணீரோ, தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறோ போட்டு ஒற்றினால் நிறம் மங்கும். பலமுறை செய்ய வேண்டியிருக்கும். காய்ந்து பழசான வெற்றிலைக் கறை முழுதாகப் போவது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மஞ்சள், குழம்பு: இதில்தான் வீடுகளில் அதிகம் பயப்படுகிறார்கள். சாம்பார் விழுந்த இடத்தில் சோப்புப் போட்டால் மஞ்சளாக இருந்தது ரத்தச் சிவப்பாக மாறிவிடும். சரக்கின் சாயம்தான் கிளம்பிவிட்டது என்று நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வினிகர்த் தண்ணீர் போட்டால் மறுபடி மஞ்சளுக்கே வந்துவிடும். மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். ஆகவே முதலில் மாவு தூவிக் குழம்பின் எண்ணெயை எடுக்க வேண்டும். பின்பு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒற்ற வேண்டும். மிஞ்சும் மஞ்சளுக்கு வெயிலே மருந்து. நிறச்சத்து வெயிலில் வெளுத்துவிடும். மற்ற பாகத்தின் சாயமும் வெயிலில் மங்கும் என்பதால் கறை உள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கனத்த துணியால் மூடிப் போட வேண்டும்.

எண்ணெய், நெய்: குத்துவிளக்கு சாய்ந்தாலும், தலையில் எண்ணெயோடு படுத்தாலும் இந்தக் கறைதான். தண்ணீர் ஊற்றக் கூடாது. மாவையோ முகப்பவுடரையோ தாராளமாகத் தூவி, மெல்ல அமுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். வாரி எடுத்துவிட்டுப் புதிதாக இன்னொரு தடவை தூவ வேண்டும். அதன்பின் பாத்திரத் திரவத் தண்ணீரின் நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்ற வேண்டும். கோரைப்பாய்க்கு மாவோடு நிறுத்திக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

அல்வா, பாயசம்: நம் ஊரில் அல்வா விழாத வீடு ஏது? அதில் கோதுமைப்பால், சர்க்கரை, நெய் மூன்றும் உண்டு. வழித்து எடுத்தபின் சர்க்கரைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், நெய்க்குப் பாத்திரத் திரவம் என்று இரண்டு தடவையாகச் செய்ய வேண்டும். சர்க்கரை மிஞ்சினால் எறும்பு வரும். அழுக்கும் அந்த இடத்திலேயே போய் ஒட்டும்.

குங்குமம்: காய்ந்த பொடியாக இருக்கும்போதே தட்டி எடுத்துவிட வேண்டும். ஈரம் படக் கூடாது. மஞ்சளும் காரமும் சேர்த்துச் செய்த பழைய முறைக் குங்குமம் மஞ்சளுக்குச் சொன்ன வைத்தியத்துக்கு இணங்கும். செயற்கைச் சாயம் சேர்த்த குங்குமம் நனைந்தால் அது சாயம் போட்டதாகவே ஆகிவிடும்.

பால், முட்டை, ரத்தம்: பச்சைத் தண்ணீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி இழையோடு வெந்து பிடித்துக்கொள்ளும்.

குழந்தையின் சிறுநீர்: ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றி, பிறகு வினிகர்த் தண்ணீர் போட வேண்டும். புதிதில் புளிப்பாக இருக்கும் சிறுநீர் நாளாக ஆகக் காரமாக மாறிச் சாயத்தைத் தின்னும். பழைய சிறுநீர்க் கறை என்று வீட்டார் சொல்வது பல நேரம் சாயம் போன இடம்தான். அது திரும்பாது.

பேனா மை: பால்பாயிண்ட் மைக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்ற வேண்டும். பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுவது. பூஜை விளக்கும் அடுப்பும் உள்ள இடத்தில் எடுக்கவே கூடாது.

துரு: இரும்புக் கட்டில், பீரோ, டிரங்குப் பெட்டி நின்ற இடத்தில் ஈரம் பட்டால் வரும். பருத்திக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு, சிறிது நேரம் விட்டு, நன்றாக அலச வேண்டும். பிளீச்சிங் போட்டால் துரு கூடும். கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஜமக்காளம் விற்கும்போது நாலு புஷ்ஷும் விற்கலாம்.

மெழுகு: உறைந்தபின் ஐஸ் கட்டியை ஒரு பையில் போட்டு மேலே வைத்தால் நொறுங்கும். சுரண்டி எடுக்கலாம். மீதிக்குப் பருத்தி, கம்பளியானால் பழுப்புத் தாளை வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போடலாம். பாலிபுரொப்பிலீனுக்கு இஸ்திரி கூடாது.

மருதாணி, முடிச்சாயம்: இவை சாயங்கள். பருத்தியிலும் கம்பளியிலும் பிடித்தால் விடாது. போகாததைப் போகாது என்று நேராகச் சொல்வதே நாணயம். வீண் முயற்சியில் விரிப்பு முழுதும் கெடுவதாவது தப்பும்.

மறுநாள் திரும்பி வரும் கறை

“நேத்து போயிட்டு, இன்னைக்குக் காலையில பார்த்தா மறுபடி நிக்கி” என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இதில் மாயம் ஒன்றுமில்லை. மேலே சுத்தமானாலும் அடியில் மிச்சம் இருந்திருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, ஈரம் காயக் காய அடியில் கிடந்த அழுக்கு இழை வழியாக நுனிக்கு ஏறி வந்துவிடும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் நாலைந்து மடிப்பு வெள்ளைத் துணியை வைத்து, அதன்மேல் பாலிதீன் தாளும் ஒரு பாரமும் வைத்து இரவு முழுக்க விட வேண்டும். ஏறி வரும் அழுக்கைத் துணி வாங்கிக்கொள்ளும்.

சோப்புத் தண்ணீரை அலசி எடுக்காமல் விட்டாலும் இதே கதைதான். காய்ந்த சோப்பு பிசுபிசுத்துக் கால் தூசியை இழுக்கும். பத்து நாளில் அந்த இடம் மட்டும் கறுக்கும். சோப்புக் குறைவாகவும், அலசுவது அதிகமாகவும் இருக்க வேண்டும்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதவை

பிளீச்சிங் பவுடரும் வெளுக்கும் திரவமும் சாய விரிப்புக்கு ஆகாது. கம்பளிக்கு விஷம். வெள்ளைப் பருத்திக்குத் தேவையானால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டு. மருந்துக் கடையில் பெரும்பாலும் 6 சதவீதமாகக் கிடைக்கும். அதே அளவு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

வெளுக்கும் திரவத்தோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் ஆசிடையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. “ஒன்றோடு ஒன்று கலந்தால் வேகமாகப் போகும்” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வது நம் கடமை.

ஆப்பசோடா வேறு, சலவை சோடா வேறு. மளிகைக் கடையில் “சோடா கொடுங்க” என்று கேட்டால் எதற்கு என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். ஆப்பசோடா நாற்றத்துக்குத் தூவி வாரக்கூடியது. சலவை சோடா கம்பளியையும் சாயத்தையும் கெடுக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு துடைப்பது தீ விபத்துக்கு வழி. அது மட்டுமின்றிப் பல கார்ப்பெட்டுகளின் அடியில் ரப்பர்ப் பசை பூசியிருப்பார்கள். அந்தப் பசை இளகி, இழைகள் கையோடு பெயர்ந்து வரும்.

வெள்ளமும் பூஞ்சணமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை ஜங்ஷன் பகுதியிலும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமும் வீடுகளும் கடைகளும் சரக்கோடு மூழ்கின. அப்படி நனைந்த விரிப்பை என்ன செய்வது என்பது வடகிழக்குப் பருவமழை தோறும் எழக்கூடிய கேள்வி.

இதில் கணக்கு நேரத்தில் இருக்கிறது. நனைந்த விரிப்பை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். அதற்குமேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும். கூரை ஒழுகி நனைந்த நல்ல மழைத்தண்ணீர் என்றால் எந்த விரிப்பையும் காயவைத்துப் பார்க்கலாம். சாக்கடை கலந்த வெள்ளம் என்றால் பருத்தி ஜமக்காளத்தை மட்டும் பலமுறை அலசித் துவைத்து வெயிலில் காயப்போட்டு மீட்கலாம். அடியில் நுரைமெத்தை வைத்த கார்ப்பெட்டையும் நாளாக நனைந்து கிடந்த கோரைப்பாயையும் கழிப்பதே உடம்புக்கு நல்லது. குழந்தைகள் படுக்கும் இடத்தில் அவற்றைத் திரும்பப் போடச் சொல்லக் கூடாது. மூழ்கிய சரக்கைக் காயவைத்துச் சலுகை விலையில் தள்ளிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒரு வீட்டில் மூச்சுத் திணறல் வந்தால் பழி நம்மைத் தேடி வரும்.

பூஞ்சணம் பிடித்ததை வீட்டுக்குள் உதறக் கூடாது. வெளியே எடுத்துப் போய், மூக்கை மறைத்துக்கொண்டு, நல்ல வெயிலில் இரு புறமும் காட்டிப் பிரஷ் போட வேண்டும். குடோனிலும் சரக்கைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். பாயை மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும்.

கடையில் சட்டமும் சமாதானமும்

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நம்மில் பலர் இன்னும் முழுதாகக் கவனிக்கவில்லை. குறையுள்ள சரக்கை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அச்சட்டம் சொல்கிறது. பில் தராமல் விற்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி வைத்திருப்பது குறையுள்ள சரக்கு விஷயத்தில் நம்மைக் காப்பாற்றாது.

எது குறை, எது வீட்டு விபத்து என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். காபி சிந்தியது வீட்டு விபத்து. சாதாரணத் தண்ணீர் பட்டதுமே சிவப்புப் பட்டை வெள்ளைப் பட்டைக்குள் கசிந்தால் அது சரக்கின் குறை. ஈர வெள்ளைத் துணியைக் கசியாத மூலையில் வைத்து அழுத்தினால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். துணியில் சாயம் தாராளமாக ஏறினால் வாதாடாமல் சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரியிடம் திருப்பி அனுப்புங்கள். மொத்த வியாபாரியும் அதே மூலையைப் பார்த்துவிட்டு உற்பத்தியாளருக்கு எழுத வேண்டும். நடுவில் யாராவது ஒருவர் “நம் தலையில் விழாமல் போகட்டும்” என்று மறைத்தால் அந்தச் சாயம் அடுத்த லாட்டிலும் அப்படியே வரும். துணியில் நிறம் ஏறவில்லை என்றால், அதை வாடிக்கையாளர் கண் எதிரே காட்டி, என்ன ஊற்றினார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். கண்ணால் பார்த்ததை மறுப்பவர் குறைவு.

இந்த வாதமே வராமல் இருக்க, விற்கும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும். எந்த அறையில் போடப்போகிறீர்கள்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? சாப்பிடும் இடத்துக்கும் பிள்ளைகள் ஓடும் இடத்துக்கும் துவைக்கக்கூடிய பருத்தி ஜமக்காளத்தையோ பாலிபுரொப்பிலீனையோ காட்டலாம். விருந்தினர் அறைக்குக் கம்பளி. படுக்கவும் உட்காரவும் கோரைப்பாய்க்கு நிகர் நம் ஊர் வெயிலுக்கு வேறில்லை. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் வேலைக்கு வந்து குடியிருப்பவர்களில் வெளியூர்க்காரர்கள் பலர். கோரைப்பாயை முதல் தடவையாக வாங்குகிறவர்களுக்கு, ஊற வைக்கக் கூடாது என்ற ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாவிட்டால் முதல் பாயே கடைசிப் பாயாகிவிடும்.

பில்லோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கலாம். அச்சுக்கூலி அதிகம் ஆகாது. வாசகம் இப்படி இருக்கலாம்:

சிந்தியதை உடனே வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்கவும். தேய்க்க வேண்டாம்.
எந்த மருந்தையும் முதலில் ஒரு மூலையில் சோதிக்கவும்.
காபி, டீ, வெற்றிலைக் கறைக்குச் சோப்பு வேண்டாம். தண்ணீர் கலந்த வினிகர் போதும்.
எண்ணெய்க்கு முதலில் மாவு, பிறகே தண்ணீர்.
மஞ்சள் கறை சோப்புப் பட்டுச் சிவந்தால் பயப்பட வேண்டாம். வினிகர்த் தண்ணீரும் வெயிலும் சரி செய்யும்.
பிளீச்சிங் வேண்டாம். அதை ஆசிடோடோ வினிகரோடோ ஒருபோதும் கலக்க வேண்டாம்.
சந்தேகம் வந்தால் மருந்து போடுமுன் எங்களைக் கேட்கவும்.

கடைசி வரியின் கீழ் கடையின் தொலைபேசி எண்ணை அச்சடியுங்கள். ஊற்றிய பிறகு கூப்பிடுவதைவிட ஊற்றுவதற்கு முன்னால் கூப்பிட்டால், அவர்களுக்கு ஒரு ஜமக்காளம் மிஞ்சும், நமக்கு ஒரு வாடிக்கையாளர் மிஞ்சுவார். இந்தச் சீட்டை உறுப்பினர்கள் தத்தம் கடைப் பெயரைப் போட்டு அப்படியே அச்சடித்துக்கொள்ளலாம்.

— ஒரு மொத்த வியாபாரி, கங்கைகொண்டான்